ஓர் ஊருக்கு ஒரு மடல்

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ள சீவலப்பேரியை முக்கூடற்பள்ளு கற்றோர் அறிவர்; அந்நூல் பாடும் முக்கூடல் இவ்வூரே என்பர். இலக்கியத்தில் இத்துணைச் சிறப்புப் பெற்ற ஊர், நாளேடுகளில் இடம்பெறுவதோ பெரும்பாலும் குற்றமோ வெள்ளமோ நேரும்போதுதான். கால்வாயில் தண்ணீர் எப்பொழுது திறக்கப்படும், எந்தப் பேருந்து நின்றுபோயிற்று, எவ்வீட்டில் மரணம் நேர்ந்தது என்பவையே ஊரார்க்கு அன்றாடம் வேண்டிய செய்திகள். இவற்றைத் தாங்கி வரும் சிறு வெளியீட்டையே நாம் ஊர்மடல் என்கிறோம். கிராமச் சபைகளுக்குச் செல்லவிருக்கும் மாணவர் சிலர் இதனை நடத்தும் முறையைக் கேட்டதால், அனுபவத்தில் கண்ட சிலவற்றை இங்குக் கூறுகிறோம்.

இம்முயற்சி நமக்குப் புதிதன்று. 1841-இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய உதய தாரகை, சமயத்தோடு கல்வி, பயிர்த்தொழில், நாட்டு நடப்பு ஆகியவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. திருநெல்வேலியில் நற்போதகம் 1849-இல் தோன்றியது. இவை பரந்த நிலப்பகுதிக்கு உரியவை. ஊர்மடலோ ஒரே ஊருக்கு உரியது. ஆகவே அதற்குத் தனி ஒழுங்குகள் உண்டு.

முதலாவது, எல்லை. சென்னையில் எஸ். முத்தையா 1991-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிங்ஸ், அந்நகரையே தன் பொருளாகக் கொண்டது. 2019-இல் அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து வெளிவந்தது. உலகச் செய்தியைத் தர வேறு பலர் உளர். நம் ஊர்ச் செய்தியைத் தர நம்மையன்றி வேறு எவருமிலர். இதனை மறந்து பக்கங்களை நிரப்பப் பொதுச் செய்திகளைச் சேர்க்கும் மடல், விரைவில் படிப்பாரை இழக்கும்.

இரண்டாவது, கிரமம். ஆரம்ப உற்சாகத்தில் பதினாறு பக்கங்களை அச்சிட்டு மூன்றாம் மாதம் நின்றுபோவதைவிட, இரண்டே பக்கங்களை ஆண்டுதோறும் தவறாமல் தருவது மேல்.

மூன்றாவது, மெய்ம்மை. நகரத்து நிருபரை அவருடைய வாசகர் காண்பதில்லை. நம்மையோ மறுநாளே தேநீர்க்கடையில் காண்பர். எனவே ஒருவர் சொல்லை மட்டும் நம்பி எதையும் வெளியிடலாகாது. பிழை நேர்ந்தால், அது வந்த இடத்திலேயே, அதே அளவு எழுத்தில் திருத்தத்தையும் வெளியிட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற காலங்களில் எத்தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறியது என்பதைத் தேதியோடு குறித்து வைத்தால், பின்வரும் தலைமுறை எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்று அறிந்துகொள்ள அது உதவும்.

நான்காவது, ஒருவரும் விடுபடாமை. இது நாம் வெட்கத்தோடு கற்ற பாடம். முன்னர் நாம் ஊழியம் செய்த ஆற்றங்கரை ஊரொன்றில் இத்தகைய மடலை ஓராண்டு நடத்தினோம். ஆண்டின் இறுதியில் தென்கோடித் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, எங்க தெருவுல இந்த வருசம் யாருமே சாகலையா?" என்று கேட்டார். பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தோம். அத்தெருவின் மரணம் ஒன்றேனும் இல்லை, திருமணமும் இல்லை. நாம் எவரையும் வேண்டுமென்று விலக்கவில்லை. நம்மைத் தேடி வந்தோரின் செய்திகளை மட்டுமே அச்சிட்டிருந்தோம். வரத் தயங்கியோரைத் தேடி நாம் போகவில்லை. ஊரில் உள்ள பிரிவினை நம் மடலிலும் அப்படியே பதிந்திருந்தது. அடுத்த மாதம் முதல் செய்தி சேகரிப்பதை அத்தெருவிலிருந்தே தொடங்கினோம்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்திற்குப் பதிலாக, 2023-இல் இயற்றப்பட்ட பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுச் செய்திகளைக் குறித்த கால இடைவெளியில் அச்சிட்டு வெளியிடுவோர் அதன்படி பதிவு செய்ய வேண்டியவராவர். அப்பதிவு இணையவழியாக நடைபெறுகிறது.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அப்போஸ்தலன் பலரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அதனை வெறும் பட்டியல் என்று நாம் கடந்துபோவதுண்டு. தம் பெயரை அங்குக் கேட்டவர்க்கு அது பட்டியலாகத் தோன்றியிராது. மடல் நடத்தப் புறப்படும் இளைஞர்கள், ஒவ்வோர் இதழையும் அச்சுக்கு அனுப்புமுன், ஊரின் தெருக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார்களாக.