இருதய நோயாளியின் அச்சமும் அதற்குரிய பரிகாரமும்

இருதயத்தில் ஒரு முறை நோய் கண்டு, ஸ்டென்ட் வைத்துக்கொண்டோ, அறுவை சிகிச்சை செய்துகொண்டோ, மாத்திரைகளை ஆயுட்காலத் துணையாக ஏற்றுக்கொண்டோ வீடு திரும்பிய மனிதருக்கு, அந்த நோயைக் காட்டிலும் சில சமயம் அதிகத் துன்பம் தருவது, அது மறுபடியும் எந்த நிமிஷத்தில் வந்துவிடுமோ என்ற பயமே என்பதை, அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்கள் நன்கு அறிவார்கள். இரவில் மனைவி மக்கள் உறங்கியபின் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணிக்கொண்டிருப்பதும், மார்பில் ஒரு சிறு சுருக்கென்ற வலி தோன்றிய மாத்திரத்தில் கைபேசியை எடுத்து அதன் காரணத்தைத் தேடுவதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமே என்று அஞ்சிக் கீழ்த்தளத்திலேயே முடங்கிவிடுவதும் இந்தப் பயத்தின் சாதாரண லட்சணங்கள். இதைக் கோழைத்தனம் என்று பரிகசிப்பது அறியாமை. இது சிகிச்சைக்கு உரியதும், சிகிச்சையால் தணியக்கூடியதுமான ஓர் உபத்திரவம்.

திருப்பூரிலும், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் முதலிய சுற்றுப்புறங்களிலும் இந்த அச்சத்திற்குத் தனியான ஒரு கூர்மை உண்டு. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒரு டெய்லருக்கோ, கட்டிங் மேசையில் நிற்பவருக்கோ, சாயப்பட்டறையின் வெப்பத்தில் உழைப்பவருக்கோ, உடம்பு படுத்தால் அந்த வாரத்துச் சனிக்கிழமைச் சம்பளமும் கூடவே படுத்துவிடுகிறது. ஏற்றுமதிச் சரக்கு கிளம்பும் நாட்களில் ஒன்றரை ஷிப்டும் இரவு வேலையும் மறுக்க இயலாதவையாகிவிடுகின்றன. நெஞ்சு நோய் இருக்கிறதென்று சொன்னால் காண்ட்ராக்டர் அடுத்த வாரம் கூப்பிடமாட்டாரோ என்று அஞ்சி, அதை மறைத்து வேலை செய்பவரும் உண்டு. ஆதலின் இங்கே ஓர் இருதய நோயாளியின் கவலையை ஆராய்ந்தால், அதில் ஒரு பாதி மரணத்தைப் பற்றியதாகவும், மறுபாதி கூலியையும் கடனையும் பற்றியதாகவும் இருக்கக் காண்கிறோம். முதற்பாதிக்கு மருத்துவமும், மறுபாதிக்கு உரிமைகளைப் பற்றிய அறிவும் பரிகாரம். ஒன்றை விட்டு மற்றொன்றை மாத்திரம் தருவதால் பயன் நிறைவதில்லை.

அச்சம் எப்படி வேலை செய்கிறது

பயம் உண்டானவுடன் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அதனால் நாடி விரைகிறது, வியர்க்கிறது, மார்புத் தசைகள் இறுகுகின்றன. மூச்சை வேகமாக வாங்கி விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்து, விரல்நுனிகளும் உதடுகளும் மரத்துத் தலை சுற்றுகிறது. இந்த அடையாளங்கள் இருதய நோயின் அடையாளங்களைப் பெரிதும் ஒத்திருப்பதால், பயந்தவர் அவற்றைக் கண்டு மேலும் பயப்படுகிறார். அந்தப் பயம் அடையாளங்களை இன்னும் வளர்க்கிறது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் மார்பு வலியும் படபடப்பும் மூச்சுத் திணறலும் சொல்லி வந்த சிப்பாய்களைப் பரிசோதித்த ஜேக்கப் மெண்டிஸ் டகோஸ்டா என்ற வைத்தியர், அவர்களில் அநேகருக்கு இருதயத்தில் உறுப்புக் கோளாறு காணப்படாததை 1871-ஆம் ஆண்டிலேயே விவரித்து எழுதினார். அந்தச் சிப்பாய்கள் நடிக்கவில்லை. அவர்கள் அனுபவித்த வேதனை மெய்யானது.

செக்கிங் மேசையில் விளக்கடியில் துணியை விரித்து ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் தேடித் தேடிப் பழகின கண், வீட்டில் உடுத்தும் சேலையிலும் குறையையே காண்பதுபோல, நாள் முழுவதும் தன் நெஞ்சையே கவனித்துக்கொண்டிருக்கும் மனம், ஆரோக்கியமுள்ளவர்களுக்கும் சகஜமாக ஏற்படுகிற ஒரு தவறிய துடிப்பைக்கூட ஆபத்தின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. அடிக்கடி ரத்த அழுத்தம் பார்ப்பதும், 'எனக்கு ஒன்றுமில்லையே?' என்று வீட்டாரை ஓயாமல் கேட்பதும் சிறிது நேரத்திற்கு ஆறுதல் தந்து, பிறகு சந்தேகத்தை முன்னிலும் பலமாக்கிவிடுகின்றன.

ஆபத்து இரு புறமும் உண்டு

இந்த அச்சத்தை அப்படியே விட்டுவிடுவதில் தீங்கு உண்டு. 52 நாடுகளில் நடத்தப்பெற்று, சலீம் யூசுப் என்பவரின் தலைமையில் 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் மாரடைப்புக்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்றாக வைத்து எண்ணியது. பயத்தினால் நடையை நிறுத்தியவரின் தேகம் பலமிழக்கிறது. உறக்கமில்லாதவரின் ரத்த அழுத்தம் ஏறுகிறது. பக்கவிளைவுக்கு அஞ்சி மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர், அதிலும் ஸ்டென்ட் வைத்த பின் தரப்படும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையையோ, பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையையோ திடீரென்று விட்டுவிடுகிறவர், உண்மையான அபாயத்தைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கப்படும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் சீட்டின்றி விற்கக்கூடாதவை. அவை பழக்கத்திற்கு அடிமைப்படுத்தவல்லவை. தையல் இயந்திரத்தின் முன் குனிந்து குனிந்து வலிக்கும் முதுகிற்காக வாங்கும் டைகுளோபினாக் போன்ற வலி மாத்திரைகளும் இருதய நோயாளிக்கு ஆகாதவை.

மறுபுறத்து ஆபத்தோ இதனினும் கொடியது. 'ஒண்ணுமில்லீங்க, கேஸ்தானுங்க' என்று சோடாவும் இஞ்சிச்சாறும் குடித்து, மாரடைப்பின் மிக மதிப்புள்ள முதல் மணி நேரத்தை வீணாக்கும் வழக்கம் நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்களைத் தவிக்க விட்டிருக்கிறது. பலமுறை பயந்து ஓடி ஒன்றுமில்லையென்று திரும்பியவரை, உண்மையாகவே மாரடைப்பு வரும் வேளையில் வீட்டாரும், சில வேளை வைத்தியரும், வழக்கமான பயம் என்று தள்ளிவிடக்கூடும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மார்பு வலியே இல்லாமல், மூச்சுத் திணறலாகவோ, மேல்வயிற்று உபாதையாகவோ, காரணமற்ற பெருஞ்சோர்வாகவோ மாரடைப்பு வருவதுண்டு. ஒரு முறை எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தது என்பதாலும் மாரடைப்பில்லை என்று நிச்சயிக்க இயலாது. இரண்டாம் முறை இ.சி.ஜி.யும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். ஆகவே பயந்த சுபாவமுள்ளவர் என்ற காரணத்தினால் ஒருவரது புதிய அறிகுறியைப் பரிசோதியாமல் ஒதுக்குவது தவறு. பரிசோதனை கேட்பது அவரது பாத்தியதை.

ஒரு தாளில் எழுதிய விதி

எப்போது ஓடுவது, எப்போது பொறுப்பது என்ற தீர்மானத்தைப் பயம் பிடித்த நேரத்தில் செய்யலாகாது. மனம் தெளிந்திருக்கும்போது, தமக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியரோடு கலந்து, அவர் வாயிலாகவே அறிந்து, ஒரு தாளில் எழுதிக்கொள்வதே விவேகம். அதில் நோயின் பெயர், ஸ்டென்ட் வைத்த தேதி, அன்றாட மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றின் கீழ் இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும்.

முதற்பகுதி, உடனே 108-ஐ அழைப்பதற்குரியது. மார்பின் நடுவே பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, அதனுடன் குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை கண்டால் தாமதம் கூடாது. வைத்தியர் நாக்கின் கீழ் வைக்க மாத்திரை தந்திருந்தால், உட்கார்ந்த நிலையில் ஒன்றை வைத்து, 5 நிமிஷத்தில் வலி தணியாவிடில் 108-ஐ அழைக்க வேண்டும். தாமே இருசக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்வது பெரும் அபாயம்.

இரண்டாம் பகுதி, வைத்தியர் ஏற்கெனவே பரிசோதித்து அபாயமில்லை என்று சொன்ன, பழகிப்போன அறிகுறிகளுக்குரியது: ஒரு விரலால் சுட்டிக் காட்டத்தக்க குத்தல், அழுத்தினாலோ திரும்பினாலோ கூடும் வலி, கணத்தில் தோன்றி மறையும் படபடப்பு. இவற்றுக்கு ஓரிடத்தில் அமர்ந்து, மூச்சை மெதுவாக வாங்கி அதைவிட மெதுவாக விட்டு, 10 நிமிஷம் பொறுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை வைத்தியரிடம் காட்டினால் போதும். இரு பகுதிகளிலும் அடங்காத சந்தேகம் எழுமாயின், வெட்கப்படாமல் ஆஸ்பத்திரியின் பக்கமே சாய வேண்டும். இந்தத் தாளின் ஒரு பிரதி வீட்டிலும், ஒன்று பக்கத்து மிஷினில் தைக்கும் நண்பரிடமும் இருப்பது நலம்.

தமிழ்நாட்டரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு என்று தோன்றும் நோயாளிக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடார்வாஸ்டாடின் ஆகிய முதற்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்பட்டு, அவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். 2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியும் மாவட்டத்திற்கு உரிய ஆதரவு. இவையெல்லாம் எட்டும் தூரத்தில் இருப்பதை அறிவதே பயத்தைப் பெரிதும் குறைக்கும்.

பயத்திற்கும் மருத்துவம் உண்டு

எச்சரிக்கைக்கும் அச்ச நோய்க்கும் உள்ள எல்லையை இப்படி அறியலாம்: வைத்தியர் உறுதி சொன்ன பின்னும் வாரக்கணக்கில் மனம் ஆறாமல், உறக்கமும் வேலையும் குடும்ப வாழ்வும் கெடுமானால், அது சிகிச்சையை வேண்டி நிற்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாகத் திருத்தும் மன ஆலோசனை முறை இதற்கு நன்கு பயன்படுவது. நாடி பார்ப்பதையும் தேடுவதையும் குறைத்து, அஞ்சி விலக்கிய நடையையும் மாடிப்படியையும், வைத்தியர் வகுத்த அளவில் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்கும்போது, நடந்தால் நாடி விரைவது இயற்கை என்பதை உடலே மனத்துக்குக் கற்பிக்கிறது. மருந்து தேவைப்படுவோருக்கும் வழியுண்டு. மாரடைப்புக்குப் பிந்திய மனச்சோர்வில் செர்ட்ராலின் பாதுகாப்பானது என்று 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எனினும் மனநல மருந்துகளில் சில, இருதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியவையாதலால், இருதய வைத்தியரின் சீட்டை மனநல வைத்தியரும், மனநல வைத்தியரின் சீட்டை இருதய வைத்தியரும் பார்த்தே தீர வேண்டும்.

2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம். 104 என்ற எண்ணிலும் சுகாதார ஆலோசனை கிடைக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் நிலையங்களில் மனநல சிகிச்சை பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. உடல் நோய்க்குச் செய்யும் காப்பீட்டை மனநோய்க்கும் செய்யவேண்டுமென்று காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. நோயாளியின் விவரம் ரகசியமாகக் காக்கப்படவேண்டுமென்றும் விதிக்கிறது. ஆகவே தமது மனநல சிகிச்சையை முதலாளி அறிந்துகொள்வார் என்று ஒருவர் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

கூலியைப் பற்றிய கவலைக்குச் சட்டம் தரும் ஆதரவு

1948-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் தோன்றிய இ.எஸ்.ஐ. காப்பீடு, மாதம் ரூ.21,000 வரை சம்பளம் பெறும் தொழிலாளருக்கு உரியது. தொழிலாளி தம் சம்பளத்தில் 0.75 சதவீதமும், முதலாளி 3.25 சதவீதமும் செலுத்துகிறார்கள். காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவரும் பீஸ் ரேட்டுக்காரரும் இதற்கு அயலார் அல்லர். பங்களிப்பு விதிகளுக்கு உட்பட்டு, நோயால் விடுப்பெடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கிறது. நீண்ட நோய்களின் பட்டியலில் உள்ள சில இருதய நோய்களுக்கு, கூடுதல் நிபந்தனைகளின்பேரில், 80 சதவீதம் வரை இரண்டாண்டுகள் தொடர வழியுண்டு. நோய் உதவித்தொகை பெறும் காலத்தில் ஒருவரை வேலைநீக்கம் செய்வதை அச்சட்டத்தின் 73-ஆம் பிரிவு தடுத்தது. அப்படி நீக்கப்பட்டால், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தையும், தொழிலாளர் துறையையும், தொழிற்சங்கத்தையும் தாமதியாமல் அணுக வேண்டும். இ.எஸ்.ஐ. குறைகளைச் சொல்ல 1800 11 2526 என்ற இலவச எண் உண்டு.

இ.எஸ்.ஐ. இல்லாதவரின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.1,20,000-க்கு உட்பட்டிருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அவசர நேரத்தில் பணத்தைக் காரணம் காட்டி உயிர்காக்கும் முதற்சிகிச்சையை மறுக்கலாகாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு வைத்தியரானாலும் தனியார் வைத்தியரானாலும் உயிரைக் காப்பது அவரது கடமை என்று தீர்ப்பளித்தது. ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. அன்று மருந்துப்பூச்சுள்ளதற்கு வரி நீங்கலாக ரூ.29,600 என நிர்ணயமாகி, பின்னர் அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. ஆதலால் பில்லில் ஸ்டென்டின் பெயரும் விலையும் தனியே எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும், சிகிச்சைப் பதிவேடுகளின் பிரதியைக் கேட்டு வாங்குவதும் நோயாளியின் உரிமை. வைத்தியர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி அப்பிரதியை 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும்.

திருப்பூரின் முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: நெஞ்சு நோயை மறைத்து வேலை செய்பவரைக் காட்டிலும், அதைச் சொல்லிவிட்டு இலகுவான ஷிப்ட் கேட்பவர் கம்பெனிக்கு அபாயம் குறைந்தவர், ஆகவே சொன்னவரைத் தண்டியாதீர்கள். நோயாளியாகிய சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வரும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில், உங்கள் இ.எஸ்.ஐ. எண் உயிரோடு இருக்கிறதா, பங்களிப்பு செலுத்தப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அந்தத் தாளை எழுதி வாங்குங்கள். பயம் இருக்கிறது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.