புகையும் சொல்லும், எண்ணெயும் சொல்லும்!

பெயிண்ட் புத்தம் புதிது. இரும்புப் பட்டைகள் பளபளக்கின்றன. விலையும் மலிவு. ஆனால் என்ஜின்?

பழைய டிராக்டர் வாங்குகிறவர் ஏமாறும் இடம் அதுதான். வெளியே உள்ள பழுது கண்ணுக்குத் தெரிந்துவிடும். என்ஜினுக்குள் இருக்கும் தேய்மானம் தெரியாது. அதைப் பிரித்துச் சரிசெய்யும் செலவு, சில சமயம் டிராக்டரின் விலையையே மிஞ்சிவிடும்!

பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு.

கம்பளிப்பூச்சி

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்து நிலம் இளகியது. சக்கர டிராக்டர்கள் அதில் புதைந்துவிடும். பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904-ம் ஆண்டில் ஒரு யுக்தி செய்தார். சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சங்கிலிப் பட்டையின் மீது டிராக்டரை ஓட வைத்தார். அது புதையவில்லை!

ஊர்ந்து போன அந்த டிராக்டருக்குக் கம்பளிப்பூச்சியின் பெயரே கிடைத்தது. ஆங்கிலத்தில் அதுதான் "கேட்டர்பில்லர்". 1925-ல் அதே பெயரில் பெரிய கம்பெனி உருவாயிற்று. அந்தக் கம்பெனி 1938 முதல் 1957 வரை "டி-2" என்ற சிறிய டீசல் டிராக்டரைச் செய்தது. இன்றும் அதை வாங்கிப் பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

குட்டி என்ஜின்

"டி-2" டிராக்டரில் இரண்டு என்ஜின்கள். முதலில் பெட்ரோலில் ஓடும் குட்டி என்ஜினைக் கிளப்ப வேண்டும். அது பெரிய டீசல் என்ஜினைச் சுற்றிச் சூடாக்கிக் கிளப்பும்.

ஆகவே, "உடனே கிளம்பிவிட்டதே!" என்று மகிழ்ந்துவிடக்கூடாது. குட்டி என்ஜின் கை கொடுத்தால், தேய்ந்த என்ஜினும் கிளம்பிவிடும்.

குட்டி என்ஜின் சுற்றும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெரிய என்ஜினின் நாலு சிலிண்டர்களும் காற்றை அழுத்தும்போது அது முக்கும், முனகும். அந்த முனகல் ஒரே சீராக வரவேண்டும். நாலில் ஒரு தடவை மட்டும் லேசாகச் சுற்றினால், ஒரு சிலிண்டரில் காற்று கசிகிறது என்று அர்த்தம்.

மூன்று நிறப் புகை

நீலப் புகை வந்தால், என்ஜின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ, வால்வு போகும் குழலோ தேய்ந்திருக்கலாம்.

கறுப்புப் புகை வந்தால், டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. இது தேய்மானமாக இல்லாமலும் இருக்கலாம். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் கறுப்புப் புகைதான்.

குளிர்ந்த என்ஜினில் வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நிற்காவிட்டால், அழுத்தம் குறைந்திருக்கலாம்; தண்ணீர் கசியலாம்.

எண்ணெய் ஊற்றும் மூடியையும் திறந்து பாருங்கள். லேசாகப் புகை வந்தால் பயமில்லை. புகைபோக்கி மாதிரி குபுகுபுவென்று வந்தால், ரிங்குகள் காற்றைத் தடுக்கவில்லை.

அதற்காக உடனே என்ஜினைப் பிரித்துவிடாதீர்கள்! வெகுநாள் சும்மா நின்ற என்ஜினில் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டியிருக்கும். சில நாள் நன்றாக உழுதால், அவை விடுபட்டுச் சரியாவதும் உண்டு.

மோர் போன்ற எண்ணெய்

இரவு முழுவதும் நின்ற என்ஜினில், காலையில் கிளப்பும் முன்பு, அடியில் உள்ள திருகைச் சிறிது தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, இருந்தால் அதுதான் முதலில் வரும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தாலும் தண்ணீர் கலந்திருக்கிறது.

எண்ணெய் வடிகட்டியில் பளபளக்கும் துகள்கள் கிடக்கின்றனவா? காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால், பேரிங் தேய்ந்த உலோகமாக இருக்கலாம்.

எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைக் குளிர்ந்த நேரத்தில் நம்பாதீர்கள். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் முள் ஏறி நிற்கும். ஒரு மணி நேரம் வேலை வாங்கிய பிறகு, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது முள் விழுந்தால் வேறொரு மானியைப் பூட்டிச் சரிபாருங்கள். அதுவும் விழுந்தால், பேரிங்கோ எண்ணெய்ப் பம்போ தேய்ந்திருக்கலாம்.

"டொக் டொக்" சத்தம்

பாரம் இழுக்கும்போது அடியிலிருந்து "டொக் டொக்" என்று கேட்டால், டிராக்டரை நிறுத்துங்கள். தேய்ந்த பேரிங்கை மாற்றலாம். ஆனால் அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், கிராங்க் ஷாப்டும் கெட்டுவிடும். பிறகு அந்த என்ஜின் பழைய இரும்புக் கடைக்குத்தான்!

எந்தச் சிலிண்டர் என்று பார்க்க, மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டராக டீசலை நிறுத்துவார். எதை நிறுத்தினால் சத்தம் குறைகிறதோ, அதில்தான் கோளாறு. அந்தக் குழாயில் டீசல் மிகுந்த வேகத்தில் பீறிடும், தோலைத் துளைத்துவிடும். பழக்கமில்லாதவர்கள் கை வைக்கக்கூடாது.

இன்னும் சந்தேகமா? சிலிண்டருக்குள் காற்றை அடைத்துப் பார்ப்பார்கள். எண்ணெய் மூடி வழியாகக் காற்று வந்தால், ரிங் கோளாறு. புகைக்குழாயில் வந்தால், வால்வு கோளாறு. ரேடியேட்டரில் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், வெடிப்பும் இருக்கலாம்.

எதிரி யார்?

இத்தனை தேய்மானத்துக்கும் பெரிய எதிரி, தூசி. இந்த டிராக்டரின் வேலையே மண்ணில்தானே! காற்று வடிகட்டியின் அடியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கிறது. தூசியை அதுதான் பிடித்து வைக்கும். கிண்ணம் வறண்டு கிடந்தாலோ சேறாக இறுகியிருந்தாலோ, என்ஜின் தூசியை விழுங்கியிருக்கிறது.

டிராக்டர் வாங்கப் போகிறவர், பெயிண்டைப் பார்க்கும் முன்பு அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவேண்டும். சில நிமிடங்கள் போதும். செலவு ஒரு காசும் இல்லை!