ஏரியின்மேல் ஓடும் லாரி

ஏரியின்மேல் லாரி ஓடுகிறது! ஏரிக்கரையில் அல்ல தோழர்களே, ஏரியின்மேல்! தோணி மிதக்க வேண்டிய இடத்திலே, மீன் துள்ள வேண்டிய இடத்திலே, 63 டன் எடையோடு, எட்டு அச்சு பூட்டிய லாரி, விளக்கை எரித்துக்கொண்டு ஊர்ந்து போகிறது. ஒன்றா, இரண்டா? ஒரு பருவத்திலே ஆயிரக்கணக்கான நடை! 2007-ஆம் ஆண்டில் மட்டும் 10,000 சுமைக்கு மேல் அந்த ஏரிகளைக் கடந்து போயிருக்கிறது.

அம்புலிமாமா கதை என்று எண்ணாதீர்கள். கனடா நாட்டின் வடமேற்குப் பிரதேசத்திலே, எல்லோநைஃப் என்றொரு ஊர். அந்த ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் டிபிட் என்ற ஏரி. ஊரிலிருந்து வரும் சாலை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் காடு, பாறை, ஏரி. மறுபடியும் பாறை, மறுபடியும் ஏரி. இன்னும் வடக்கே போனால் காடுகூட இல்லை, மரமென்று சொல்ல ஒரு குச்சியும் இல்லாத வெட்டவெளி. அந்த வெட்டவெளிக்கு அடியிலேதான் வைரம் இருக்கிறது என்று 1991-இல் கண்டுபிடித்தார்கள். 1998-இல் எகாட்டி சுரங்கம் திறந்தார்கள், 2003-இல் டயாவிக் வந்தது, 2016-இல் காச்சோ கூவே. சுரங்கம் வந்தது, சாலை வரவில்லை! ஆயிரம் ஏரி குறுக்கே கிடக்கும் மண்ணில் சாலை போடச் செலவு செய்வார் யார்? குளிர்காலம் வரட்டும், ஏரியே உறையட்டும், அதுவே சாலை ஆகட்டும் என்றார்கள். அப்படி 1982 முதல் ஆண்டுதோறும் போடப்படுவதுதான் டிபிட்–கான்ட்வோய்டோ குளிர்காலச் சாலை. முதலில் லூபின் என்ற தங்கச் சுரங்கத்துக்காகப் போட்டது. பிறகு வைரத்துக்கு வாய்த்தது. அந்தப் பாதையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உறைந்த ஏரி. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே அறுபதுக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகள். அவற்றிலே ஏறி இறங்க வேண்டும்.

இந்த யோசனைக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. ஜான் டெனிசன் என்று பெயர், முன்னாள் போலீஸ்காரர். 1960-களிலே, கிரேட் பேர் ஏரிக்கரை வெள்ளிச் சுரங்கத்துக்கு உறைந்த ஏரிகளின்மேலேயே பாதை வெட்டி லாரி விட்டவர். அதற்கு முன்னெல்லாம் டிராக்டர் கட்டி இழுத்த சறுக்குவண்டிதான்.

தொலைக்காட்சிக்காரர்கள் 2007-இல் இந்த லாரிக்காரர்களை வைத்து ஒரு தொடர் எடுத்தார்கள். படபடக்கும் இசை, பிளக்கும் பனிக்கட்டி, ஒருவரையொருவர் முந்தும் வீரர்கள்! உலகமே வாய்பிளந்து பார்த்தது. பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் உண்மை வேறு. அந்தச் சாலையிலே பந்தயமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. சுமையேற்றிய லாரிக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் என்ன தெரியுமா? மணிக்கு 25 கிலோமீட்டர்! நம்மூரில் மிதிவண்டிக்காரன் அவசரமாகப் போனால் எட்டிவிடுகிற வேகம். எகாட்டிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கணக்குப் போடுங்கள்: நிற்காமல் போனாலே 16 மணி நேரம். வெள்ளை, வெள்ளை, வெள்ளை... எங்கு பார்த்தாலும் வெள்ளை. அவனுக்கு முதல் பகைவன் தூக்கம்தான்.

ஏன் அந்த ஆமை வேகம்? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

பனிக்கட்டி கருங்கல் அல்ல, அது வளையும். கயிற்றுக் கட்டிலில் ஆள் உட்கார்ந்தால் எப்படித் தொய்கிறதோ, அப்படித் தொய்கிறது, லாரி ஏறியதும். கட்டிலுக்குக் கீழே காற்று. இங்கே கீழே தண்ணீர். தொய்ந்த இடத்துத் தண்ணீர் எங்கே போகும்? அலையாகப் புறப்படுகிறது! மேலே லாரி ஓட, அடியிலே கண்ணுக்குத் தெரியாத அலை கூடவே ஓடுகிறது. லாரி மெல்லப் போனால் அலை தன் பாட்டுக்கு விலகிப் போகும். அலையின் வேகத்தை லாரி எட்டிப் பிடித்துவிட்டாலோ, அலை வளர்கிறது, பனிக்கட்டியை நெம்புகிறது. கரையை நெருங்கும்போது இன்னும் ஆபத்து. குளத்திலே கல்லெறிந்தால் அலை கரையில் மோதித் திரும்புகிறதே, அதைப் போல அடியலையும் திரும்பி வருகிறது. வருகிற அலையும் திரும்புகிற அலையும் சந்திக்கிற இடத்தில் பனிக்கட்டி வெடித்துக் கிளம்பும். ஆகவேதான் கரையில் இறங்கும்போதும் ஏறும்போதும் மணிக்கு 10 கிலோமீட்டர் என்று கட்டளை. ஆகவேதான் லாரிக்கும் லாரிக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் இடைவெளி. ஆகவேதான் நான்கு லாரி ஒரு தொகுதியாகப் போனால், அடுத்த தொகுதி புறப்பட 20 நிமிடம் காத்திருப்பு.

எந்தச் சாலையில் வண்டி நின்றால் பயமில்லை, ஓடினால்தான் பயம்? என்று கேட்கத் தோன்றும். நிற்பதும் ஆபத்துதான்! அதிக எடை ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் பனிக்கட்டி தொய்ந்துகொண்டே போகும். ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது, ஊர வேண்டும்.

அந்தச் சாலையைப் போடுகிறார்களே, அவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. டிசம்பர் கடைசியில் தொடங்குகிறார்கள். முதலில் போவது நீரிலும் நிலத்திலும் போகக்கூடிய இலேசான பட்டைச் சக்கர வண்டி, உடைந்தால் மிதக்கும். அதன் பின்னே ராடார் கருவியை இழுத்துத் தடிப்பை அளக்கிறார்கள். செய்கிற பெரிய வேலை என்னவென்றால், பனிக்கட்டியின்மேல் படிந்த வெண்பனித் தூளை வழித்தெறிவது. ஏனென்றால் வெண்பனி கம்பளிபோல. ஏரிக்குக் கம்பளி போர்த்தினால் அது எப்படிக் குளிரும்? எப்படி உறையும்? கம்பளியை உருவி எறிந்து, குளிர் உள்ளே இறங்கட்டும் என்று விடுகிறார்கள். போதாத இடத்தில் துளைபோட்டு, அடித்தண்ணீரை மேலே இறைத்து, அதையும் உறைய வைக்கிறார்கள். ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் தடித்ததும் இலேசான சுமைக்கு வழி திறக்கும். முழுச் சுமைக்கு ஒரு மீட்டருக்கும் சற்று மேலே வேண்டும்.

இனி நம் லாரிக்காரனைப் பாருங்கள்.

அவன் எட்மண்டன் நகரிலிருந்து சுமையோடு கிளம்பி, எல்லோநைஃப் வந்து சேரவே ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர். 2012-இல் மெக்கன்சி ஆற்றின்மேல் பாலம் திறக்கும்வரை, அந்த ஆற்றையும் குளிர்காலத்தில் பனிக்கட்டியின்மேல்தான் கடந்தாக வேண்டும். எல்லோநைஃபில் சீட்டு வாங்கி, முறை வரும்வரை காத்திருக்கிறான். குளிர் சுழிக்குக் கீழே 40. (அந்த 40-இலே ஒரு விசித்திரம், சென்டிகிரேடும் பாரன்ஹீட்டும் ஒன்றாகிவிடுகின்றன, எந்த அளவுகோலை எடுத்தாலும் ஆறுதல் கிடையாது!) எஞ்சினை அணைப்பது கிடையாது. அணைத்தால் டீசல் கூழாகிவிடும், எண்ணெய் மெழுகாகிவிடும், பிறகு அந்த எஞ்சினை எழுப்ப ஒரு படை வேண்டும். இரவெல்லாம் உறுமிக்கொண்டே நிற்கிறது லாரி. அதன் முதுகிலே படுத்துத் தூங்குகிறான். நெடுநேரம் நின்ற டயர், தரையில் பட்ட பக்கம் தட்டையாக உறைந்துவிடும். கிளம்பியதும் சதுரச் சக்கரம் பூட்டியதுபோல் தடதடவென்று உலுக்கும். பிரேக் குழாய்க்குள் காற்றோடு கலந்த ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்காகச் சாராயத் திராவகம் ஊற்றி வைக்கிறான். குடிக்கிற சாராயமல்ல, நஞ்சு. இரும்பே அந்தக் குளிரில் கண்ணாடிபோலாகி, கொக்கியும் வில்லும் பட்டென்று முறியும். முறிந்ததைச் சரிசெய்யக் கையுறையைக் கழற்ற வேண்டும். வெறுங்கை இரும்பைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோல் இரும்போடு போய்விடும்.

நம்மூர் லாரியிலே கிளீனர் என்று ஒரு பையன் இருப்பான். திட்டுவாங்கவாவது ஓர் ஆள். பேச்சுத் துணைக்கு, டயரைத் தட்டிப் பார்க்க, பின்னால் பார்த்து “வரட்டும், வரட்டும்” என்று குரல் கொடுக்க! அங்கே துணைக்கு ஒரு ரேடியோப் பெட்டி. “நான்கு லாரி, வடக்கே போகிறோம், மேடு ஏறுகிறோம்” என்று ஒவ்வொரு நிலத்துண்டிலும் அறிவிக்க வேண்டும். எதிரே வருகிறவன் கேட்டு ஒதுங்குவான். மற்றபடி, பனிக்கட்டிதான் பேசுகிறது! ஆம், பேசுகிறது; படார், படார் என்று துப்பாக்கி சுட்டதுபோல அடியிலே வெடிப்புச் சத்தம். புதிதாகப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். பழகியவனோ, சத்தம் இருக்கிறவரை சரி என்பான். கெட்டியான பனிக்கட்டிதான் வளையும்போது கத்தும். சத்தம் அடங்கினால்தான் அவன் காது கூர்மையாகும்.

மெக்கே ஏரி போன்ற அகன்ற ஏரிகளில் காற்று எழுந்தால், வெண்பனி கிளம்பி வானமும் தரையும் ஒன்றாகிவிடும். வண்டியின் மூக்கே தெரியாது. சாலையை மூடிவிடுவார்கள். லாக்ஹார்ட் முகாமில் சோறு இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, நம்மவன் உட்கார்ந்திருக்கிறான். ஓய்வு கிடைத்ததே என்று மகிழ்வானா? மாட்டான். ஏனென்றால் அவர்களில் பலருக்கு நடைக் கணக்கில்தான் கூலி. நடை உண்டானால் பணம் உண்டு. புயலடித்த நாளுக்கு யார் கொடுப்பார்? லாரி சொந்தமாக வைத்திருப்பவனுக்கோ இன்னும் சங்கடம்: வண்டிக்குத் தவணை, டயருக்குத் தவணை, காப்புத்தொகைக்குத் தவணை. தவணைக்காரன் புயலைப் பார்த்து நிற்பதில்லை.

இங்கேதான் தோழர்களே, கூர்ந்து பார்க்க வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால், விரைந்து போனவனுக்கு வருமானம். ஏரி என்ன சொல்கிறது? விரைந்தால் விழுங்குவேன் என்கிறது. கூலி கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது, ஏரி காலைப் பிடித்து இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே அவன். காவல் வண்டி வைத்து வேகத்தை அளக்கிறார்கள். மீறினால் சாலையைவிட்டே விலக்குவதும் உண்டு. விதி நல்ல விதிதான். அவன் உயிரைக் காக்கத்தான். அந்த விதியோடு சேர்த்துக் காத்திருந்த நாளுக்கும் ஒரு கூலி எழுதியிருந்தால் விதியைக் காக்கக் காவல் வண்டி அவ்வளவு தேவைப்பட்டிருக்குமா என்று கேட்கிறேன்.

என்ன ஏற்றிப் போகிறான்? பெரும்பாலும் டீசல். சுரங்கத்துக்கு மின்சாரமே டீசலில்தான் பிறக்கிறது. அப்புறம் சிமெண்டு, வெடிமருந்துச் சரக்கு, ஆளுயர டயர்கள். ஓராண்டுக்கு வேண்டியதெல்லாம் எட்டு, பத்து வாரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திரும்பும்போது? காலி! வெறும் வண்டி. வைரம் எங்கே என்கிறீர்களா? வைரம் லாரியில் ஏறாது. வைரம் விமானத்தில் போகிறது! ஒரு காரட் என்பது கால் கிராம்கூட இல்லை, 0.2 கிராம். அந்த 0.2 கிராம் வானத்திலே பறக்கிறது. அதைத் தோண்டியெடுக்கத் தேவையான 40 டன், ஏரியின்மேல் ஊர்கிறது. மோதிர விரலில் மின்னுகிறதே, அந்த மின்னலுக்குள் ஒரு துளி டீசல் எரிகிறது, ஒரு மனிதனின் தூக்கமற்ற 16 மணி நேரம் எரிகிறது. நகைக்கடை விளக்கில் அது தெரிவதில்லை.

காலிவண்டிக்குத் தனி வழி உண்டு, மணிக்கு 60 வரை விடுகிறார்கள். அப்போதுதான் லாரிக்காரன் முகத்தில் சற்றுச் சிரிப்பு. இரவு வானத்திலே பச்சை ஒளி திரைபோல் ஆடும். கேரிபு மான் கூட்டம் குறுக்கே வந்தால் வண்டி நின்று வழிவிட வேண்டும். அந்த மண்ணில் லாரிக்கு வெகு காலம் முன்பே நடந்தவை அல்லவா அவை! அவற்றை நம்பி வாழ்ந்த டெனே மக்களும் அப்படியே.

இப்போது அந்த ஏரிகளுக்கே சோதனை வந்திருக்கிறது. 2006-இல் குளிர் ஏமாற்றியது. பனிக்கட்டி போதிய அளவு தடிக்கவில்லை. சாலை எதிர்பார்த்ததற்கு முன்பே மூடப்பட்டது. மிஞ்சிய சரக்கை, டீசலை, விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள் சுரங்கக்காரர்கள். செலவு அவர்களுக்குத் தலைக்கு மேல் போயிற்று, உண்மை. ஆனாலும் அவர்களுக்கு விமானம் இருந்தது. 2012-இல் டயாவிக்கில் நான்கு காற்றாலைகளை நட்டு, டீசல் தேவையைச் சற்றுக் குறைத்தும் கொண்டார்கள். அந்த ஆண்டு நடை இழந்த லாரிக்காரனுக்கு விமானமும் இல்லை, காற்றாலையும் இல்லை. வடக்கு விரைவாக வெப்பமடைகிறது என்று அறிஞர்கள் அளந்து சொல்கிறார்கள். அவன் அளவுகோல் வேறு, எத்தனை நடை கிடைத்தது என்பதுதான்.

ஏப்ரலில் சாலை போய்விடும். கோடையில் போய்ப் பார்த்தால், 63 டன் ஊர்ந்த இடத்திலே நீர்ப்பறவை நீந்திக்கொண்டிருக்கும். லாரிக்காரன் தெற்கே வந்து மரம் ஏற்றுவான், கோதுமை ஏற்றுவான். அந்தத் தெற்கு நெடுஞ்சாலைகளில் பஞ்சாபிலிருந்து குடியேறியவர்களும் ஏராளமாக லாரி ஓட்டுகிறார்கள். கரும்பு ஏற்றிய கை, வெண்பனியில் சங்கிலி பூட்டக் கற்றுக்கொண்டிருக்கிறது.

மறுபடி ஜனவரி வரும். வண்டியைப் பழுதுபார்த்து, தவணைக்குக் கடன் வாங்கி, சங்கிலியை எடுத்து வைத்துவிட்டு, தொலைபேசிக்கு அருகே உட்கார்ந்திருப்பான். வடக்கே துளைபோட்டு அளந்துகொண்டிருப்பார்கள். இன்று 62 சென்டிமீட்டர் என்று செய்தி வரும். நாளை 64. எழுபது ஆகட்டும், கூப்பிடுகிறோம் என்பார்கள். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பான், நம்மூர் உழவன் மழைக்குப் பார்ப்பதுபோல. இவன் பார்ப்பது குளிருக்கு.