பாகலூருக்குக் குடிபோகலாமா?

நம் இதழில் விதை, உரம், பூச்சிவிரட்டி என்றுதான் எழுதுவோம். இந்த முறை வேறு ஒன்று. வெயில் தாங்காமல் ஊரை விட்டுப் போகலாமா என்று ஒரு வருடம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சை எழுதுகிறேன். இதே பேச்சு உங்களில் பலர் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊர் ஆற்காட்டுக்குப் பக்கம், பாலாற்றங்கரை. மூன்று ஏக்கர் நிலம். பன்னிரண்டு வருடமாக ரசாயனம் தொடவில்லை. கிணற்றுப் பாசனத்தில் கிச்சிலி சம்பா, கொல்லையில் நிலக்கடலை, வரப்பில் அகத்தி, துவரை.

2024 சித்திரையில் ஒரு நாள், தைப்பட்டக் கடலையைப் பறித்துக்கொண்டிருந்தோம். காலை பதினோரு மணி இருக்கும். என் மனைவி “இன்னாங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றாள். சொம்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கடலைக்கொடி மேலேயே சாய்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். “இனிமே பத்து மணிக்கு மேல கொல்லையில நிக்கக்கூடாது. அடுத்த தடவை இப்படி ஆனா ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் தாங்காது” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

எங்கள் மகனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. பாகலூரில் வாடகை வீட்டில் இருக்கிறான். அன்று ராத்திரியே போன் செய்தான்.

“நைனா, அந்த வெயில்ல கெடந்து ஏன் வேகறீங்க? நிலத்தை வித்துட்டு இங்க வந்துடுங்க. பெங்களூர்ல ஒரு ரூம் வாங்குற காசுல பாகலூர்ல வீடே வாங்கலாம். அம்மாவுக்கும் இந்தக் குளிர் ஒத்துக்கும்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. மனைவி கீழே விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் உடனே மறுக்க முடியவில்லை. “அடுத்த சித்திரைக்கு வந்து இருபது நாள் இருந்து பாக்கறோம், அப்புறம் சொல்றோம்” என்றேன். 2025 கோடையில் அப்படியே போனோம்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒரு விளக்கம். பெங்களூர் விமான நிலையத்துப் பக்கமும் ஒரு பாகலூர் உண்டு. நான் சொல்வது நம் தமிழ்நாட்டுப் பாகலூர். ஓசூரிலிருந்து மாலூர் போகிற சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது.

கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரி ஏற்றம் ஏறியதும் பேருந்து சன்னலில் காற்று மாறுவது தெரியும். அதற்குக் காரணம் உயரம்தான். ஓசூர் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் ஆற்காடு 200 மீட்டர்கூட இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் நமக்கும் அவர்களுக்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம். எங்கள் பக்கம் 40, 41 அடிக்கிற நாளில் அங்கே 35, 36. ராத்திரி போர்வை கேட்கும். இருபது நாளும் என் மனைவி நிம்மதியாகத் தூங்கினாள். அதை மறைக்கமாட்டேன்.

மகன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரியவர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ். அந்த வட்டாரத்தில் மூன்று மொழியும் அப்படித்தான் கலந்து ஓடுகின்றன. ஆடியில் கேழ்வரகு விதைத்து, இடையிடையே வரிசையாக மொச்சை, துவரை, கடுகு போடுவார்களாம். கன்னடத்தில் இதற்கு ‘அக்கடி சாலு’ என்று பேர். பூச்சி ஒன்றைத் தின்றால் இன்னொன்று நிற்கும். மண்ணுக்குத் தழைச்சத்து, வீட்டுக்குப் பருப்பு. நாம் ‘கலப்புப் பயிர்’ என்று கூட்டம் போட்டுச் சொல்வதை அவர் பாட்டன் காலத்திலிருந்து செய்கிறார்.

அவர் நிலத்துக்கு மூன்று பக்கமும் மனைப்பிரிவு. கேழ்வரகு விளைந்த இடத்தில் கல் நட்டுக் கொடி பறக்கிறது.

“எல்லாரும் இந்தக் குளிருக்குத்தான் வர்றாங்க அண்ணா. நல்லது, வரட்டும். ஆனா இந்தக் குளிர் சும்மா வானத்துல இருந்து மட்டும் வரல. ஏரி இருந்துச்சு, புளியமரம் இருந்துச்சு, பச்சையா வயல் இருந்துச்சு. அதை எல்லாம் எடுத்துட்டு வீடு கட்டினா, அந்த வீட்டுக்குள்ள குளிர் எப்படி வரும்?” என்று கேட்டார்.

உயரம் தரும் குளிரை யாரும் எடுத்துப் போக முடியாது. ஆனால் மரமும் நீர்நிலையும் தரும் குளிர் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருக்கிற பெங்களூரிலேயே 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி பதிவானது. அதே கோடையில் அந்த நகரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து மக்கள் நின்றதை எல்லோரும் பார்த்தோம். இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் குளிர் இருபது வருடம் கழித்தும் அங்கே இருக்குமா? வீட்டுக் கடன் மட்டும் இருபது வருடமும் இருக்கும்.

ஒரே மலையில் பிறந்த இரண்டு ஆறுகள்

பெங்களூரில் கோடை மழை கொட்டிய மறுநாள், மகன் எங்களைக் கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப்போனான். தூரத்திலிருந்து பார்த்தபோது பஞ்சு மூட்டையை அவிழ்த்துவிட்டதுபோல வெள்ளையாக இருந்தது. கிட்டே போனால் நுரை. ஆற்றில் தண்ணீர் ஓடுவதே தெரியவில்லை. காற்றடித்தால் நுரை பிய்ந்து பறந்து பக்கத்து வயலில் விழுகிறது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

என் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “இது நம்ம ஊரு வாடைங்க” என்றாள்.

அது தென்பெண்ணை ஆறு. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் பக்கமாக வந்து, பாகலூர் பக்கம் கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வருகிற பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் இதில்தான் கலக்கின்றன. இதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று போய்க் கடலூரில் கடலில் சேர்கிறது.

எங்கள் பாலாறும் அதே நந்தி மலைப் பக்கத்தில்தான் பிறக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டுப்போன கதை நாட்டுக்கே தெரியும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், கெடுத்தவர்களே இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்தும் உப்பேறிய கிணறு பழையபடி ஆகவில்லை. எங்கள் கிணறு தப்பியது ஆலைகளுக்குத் தள்ளி இருப்பதால் மட்டுமே.

நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வெயில் என்ன, எத்தனை டிகிரி என்று வருடம் முழுக்கக் கணக்குப் போட்டோமே, தண்ணீர் எப்படி என்று ஒருநாளாவது கேட்டோமா? கெட்ட ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி இன்னொரு கெட்ட ஆற்றங்கரைக்கா குடிபோவது?

அன்று சாயங்காலம் பின்வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். “எங்க அப்பா காலத்துல கிணத்துல வாளி விட்டா தண்ணி. இப்ப ஆயிரம் அடி போட்டும் பொக (புகை) தான் வருது” என்றார். மகன் இருக்கிற தெருவிலும் குடிக்கக் கேன் தண்ணீர், புழங்க டிராக்டர் தண்ணீர். வீடு மலிவாக இருப்பதில் இதுவும் ஒரு காரணம். வாங்கும்போது மிச்சமாகிற காசு, தண்ணீருக்கு மாதாமாதம் போய்விடுகிறது.

நாங்கள் இன்னொரு செய்தியையும் யோசிக்க வேண்டியிருந்தது. ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இடம் பற்றிய செய்திகளில் பாகலூர், பேரிகை பக்கம் அடிபடுகிறது. உத்தனப்பள்ளி பக்கத்தில் சிப்காட்டுக்கு நிலம் கொடுக்கமாட்டோம் என்று உழவர்கள் நடத்திய போராட்டம் நமக்குத் தெரியும். அந்த உழவர்களுக்காகக் குரல் கொடுக்கிற நாமே, அங்கே மனை வாங்குகிற கூட்டத்தில் ஒருவராகப் போய் நிற்பதா? இதற்கு எனக்குள் நல்ல பதில் இல்லை.

விற்றால் என்ன போகும்?

நிலத்தை விற்றால் பணம் வரும். ஆனால் பன்னிரண்டு வருடம் தழையும் சாணியும் போட்டு மண்புழு வரவழைத்த மண்ணை யார் எடை போட்டு விலை தருவார்கள்? கிச்சிலி சம்பா விதையைப் பாகலூருக்குக் கொண்டுபோய் எங்கே விதைப்பேன்? அங்கே பட்டம் வேறு, மண் வேறு, மழை வேறு. ஐம்பத்தெட்டு வயதில் நான் கேழ்வரகு படிக்க வேண்டும். படிக்கலாம், ஆனால் நிலம் இல்லாமல் மனையில் என்ன படிப்பது?

கரூர் மாவட்டம் கடவூரில் ஐயா நம்மாழ்வார் வானகத்தைத் தொடங்கியது வறண்ட பொட்டல் நிலத்தில்தான். ஆரோவில்லில் 1968-இல் செம்மண் பொட்டலாகக் கிடந்த இடம் இன்று காடு. குளிர் இருக்கிற இடத்துக்குப் போவது ஒரு வழி. இருக்கிற இடத்தில் கொஞ்சம் குளிரை உண்டாக்குவது இன்னொரு வழி. இரண்டாவது மெதுவான வழி என்பதும் உண்மை. என் மனைவிக்கு அடுத்த சித்திரை காத்திருக்காது.

எங்கள் முடிவு

அதனால் இரண்டையும் கலந்து ஒரு முடிவு எடுத்தோம். நிலம் விற்பதில்லை. கோடைக் கடலையை விட்டுவிட்டோம். வருமானம் குறைகிறது, குறையட்டும். அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போட்டு, மாடுகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, அக்கினி நட்சத்திரம் முடிகிற வரை பாகலூரில் மகனோடு இருப்பது. அவனும் வாடகை வீட்டிலேயே இருக்கட்டும், மனை வாங்க அவசரமில்லை.

ஊரில் வீட்டு மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். உள்ளே இறங்குகிற சூடு கையால் தொட்டாலே குறைந்திருப்பது தெரிகிறது. மேற்குச் சுவர் ஓரம் புங்கனும் வேம்பும் நட்டிருக்கிறோம். அவை வளரும்வரை அவரைப் பந்தல் நிழல். கொல்லை வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும். அதற்கு மேல் யார் கூப்பிட்டாலும் இறங்குவதில்லை.

மகனுக்கு முழுத் திருப்தி இல்லை. “நீங்க ரெண்டு பேரும் திரும்ப அந்த வெயிலுக்குத்தான் போறீங்க” என்கிறான். அவன் பயம் நியாயமானது. மனைவியின் உடம்பு இன்னும் மோசமானால் இந்த முடிவையும் மாற்றத்தான் வேண்டும்.

குடிபோக நினைக்கிற நண்பர்களுக்கு, நாங்கள் கற்றுக்கொண்டது:

1. நிலத்தை முதலில் விற்காதீர்கள். ஒரு வருடமாவது வாடகைக்கு இருந்து, கோடையையும் மழையையும் பாருங்கள்.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை அடி ஆழம், அக்கம்பக்கத்தார் அதைக் குடிக்கிறார்களா என்று கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

3. மனை என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரிக்கப்பட்ட அனுமதியற்ற மனைக்கு வரன்முறைத் திட்டம் பொருந்தாது. பெரிய மனைப்பிரிவு ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

4. அந்தப் புல எண் ஏதாவது நில எடுப்பில் வருகிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

5. முன்பு அது யாருடைய வயல் என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பேசுங்கள். பத்திரத்தில் இல்லாதது அவர் வாயில் வரும்.

கிளம்பும்போது பின்வீட்டுப் பெரியவர் ஒரு படி கேழ்வரகு விதை கொடுத்தார். ஆடியில் கொல்லையின் ஒரு மூலையில், நடுவே மொச்சை வரிசை விட்டு விதைத்தேன். முளைத்து நிற்கிறது. எங்கள் வெயிலுக்கு எப்படி வருகிறது என்று அறுவடைக்குப் பிறகு எழுதுகிறேன்.