ஒரு டிஸ்க் செத்தாலும் ஓடும் கணினி

ஹார்ட் டிஸ்க் சாவதற்கு நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. கடலூர் போன்ற ஊரில் அதற்குக் காரணங்களும் தாராளம்: கடற்கரையின் உப்புக் காற்று, சொல்லாமல் போய் வரும் கரண்ட், கத்திரி வெயில். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடுத்துத் தரும் ஒரு ஸ்டூடியோவையோ, சிதம்பரம் மேலவீதியில் கணக்கு எழுதித் தரும் ஓர் அலுவலகத்தையோ எண்ணிப் பாருங்கள். பல வருட வேலை மொத்தமும் உள்ளங்கை அகல உலோகப் பெட்டி ஒன்றுக்குள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழன்றுகொண்டிருக்கும்.

இந்தப் பயத்துக்கு 1988-இல் ஒரு விடை வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும், விலை உயர்ந்த ஒற்றைப் பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டலாமே என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். சேர்க்கச் சேர்க்க, அவற்றில் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். ஆகவே ஒன்று போனாலும் மற்றவை ஈடுகட்டும்படி கூடுதல் தகவலை எழுதி வைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெய்டு.

எளிய வகை ரெய்டு-1: இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல். ரெய்டு-5 கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். முதல் டிஸ்க்கில் 1, இரண்டாவதில் 0 இருந்தால், மூன்றாவதில் 1 எழுதப்படும். இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1 என்பது விதி. எந்த ஒரு டிஸ்க் போனாலும் மீதி இரண்டைக் கொண்டு அதில் இருந்ததைக் கணக்கிட்டுவிடலாம்.

முன்பு இதற்குத் தனி கார்டு வாங்க வேண்டியிருந்தது. இப்போது லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலே அந்த வேலையைச் செய்கிறது. அதை இயக்க ஆஸ்திரேலியரான நீல் பிரவுன் எழுதிய எம்டிஅட்ம் என்ற கருவி இருக்கிறது. சின்ன அலுவலகத்துக்கு இதுவே மேல். கார்டு செத்தால் பல சமயம் அதே ரகக் கார்டைத் தேடி அலைய வேண்டும். மென்பொருள் ரெய்டில் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் போதும்.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதுமல்ல. உமாசங்கர் ஐஏஎஸ் அரசின் எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்தபோதே அங்கு சூஸ் லினக்ஸ் வந்துவிட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே மாணவர்கள் கைக்கு வந்தது. அதன் அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் வகை. டெபியனின் நிறுவியிலேயே மென்பொருள் ரெய்டு அமைக்கும் வசதி உண்டு.

சிக்கல் வேறிடத்தில். ரெய்டைப் புரிந்துகொள்வது லினக்ஸ். ஆனால் சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர். அதற்கு லினக்ஸ் ரெய்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏதோ ஒரு டிஸ்க்கில் உள்ள சிறிய ஃபேட் பகுதியைத் திறந்து, அங்கிருக்கும் பூட்லோடரை எழுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. நிறுவி பெரும்பாலும் இந்த பூட் பகுதியை முதல் டிஸ்க்கில் மட்டுமே எழுதுகிறது. முதல் டிஸ்க் செத்தாலும் கணினி நிற்காமல் ஓடும். உரிமையாளருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. அடுத்த முறை கரண்ட் போய் வரும்வரைதான் அது. இரண்டாவது டிஸ்க்கில் தகவல் அத்தனையும் பத்திரமாக இருக்கும், அதை எழுப்பத்தான் ஆளிருக்காது. இரண்டு டிஸ்க்கையும் ஒரே அளவில் பிரித்து, இரண்டிலும் பூட் பகுதி வைத்து, இரண்டிலும் கிரப் பூட்லோடரை நிறுவுவதுதான் இதற்கு வழி. நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் ஸ்வாப் பகுதியையும் ரெய்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். வெளியே வைத்தால், டிஸ்க் போகும்போது அதில் இருந்த நினைவகப் பகுதிகளும் போய், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் கவிழும்.

எழுதும் நேரத்தில் கரண்ட் போனால், ஒரு டிஸ்க்கில் புதியதும் மற்றதில் பழையதுமாக நின்றுவிடலாம். கரண்ட் வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுச் சமன்செய்ய வேண்டும். 4 டெராபைட் டிஸ்க் முழுவதையும் விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தால் ஏறக்குறைய ஏழரை மணி நேரம் ஆகும். எந்தப் பகுதிகளில் எழுத்து நடந்தது என்று பிட்மேப் ஒன்றில் குறித்துக்கொள்ளச் செய்தால், அந்த இடங்களை மட்டும் சரிபார்த்தால் போதும். ஆனால் இரண்டு பிரதிகள் வேறுபடும்போது எது சரி என்று சாதாரண ரெய்டு-1 சொல்லாது. 2005-இல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால் சொல்லிவிடும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் அதை நிறுவும்போதே தேர்ந்தெடுக்கலாம்.

இத்தனை செய்தும் ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். 2015 மழைவெள்ளம் போல வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பது சிதம்பரத்துக்குப் பழைய பாடம். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன என்றும், திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி சொல்லிச் சோழ மன்னர் அதைத் திறந்தபோது கரையான் தின்றது போக மிஞ்சியவையே கிடைத்தன என்றும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. மரபுக் கதைதான். ஆனால் இதன் பின்கதை கல்லில் இருக்கிறது. ஏட்டுத் தொகுப்பில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. வேறு ஊர், வேறு ஊடகம், அதனால் பிழைத்தது. பேக்கப்புக்கும் வேறு ஊர் வேண்டும். ஆனால் கடலூர்க்காரர் சிதம்பரத்தில் பிரதி வைப்பதும் அவ்வளவு புத்திசாலித்தனமல்ல. ஒரே புயல் இரண்டு ஊரையும் தொட்டுவிடும். நெய்வேலியைத் தாண்டி உள்நாட்டில் ஓர் உறவினர் வீடு இருந்தால் தேவலை.

ரெய்டில் லினக்ஸ் நிறுவி முடித்ததும், தகவலை ஏற்றுவதற்கு முன்பே கணினியை அணைத்து, முதல் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு பூட் செய்து பாருங்கள். எழுந்தால், டிஸ்க்கை மறுபடி மாட்டிச் சமன்செய்துவிட்டு, இரண்டாவதுக்கும் அதே சோதனை. பிறகு ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். அதில் இரண்டு 'யு' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று அடிக்கோடாகத் தெரிந்தால் அன்றைக்கே புது டிஸ்க் வாங்கிவிடுங்கள்.