எழுத்துக்கு ஒரு நூல்



"பையன் புத்தகம் படிக்கிறான் வாத்தியாரே. ஆனால் என்ன படித்தாய் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை." பெற்றோர் பலர் ஆசிரியர்களிடம் சொல்லும் குறை இது. பிள்ளையின் மேல் குற்றமில்லை. படித்ததை எடுத்துச் சொல்ல வீட்டிலே ஒரு நேரமும் வேண்டும், ஒரு காரணமும் வேண்டும். அந்த இரண்டையும் தரக்கூடிய, காசு செலவில்லாத விளையாட்டு ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் உள்ளவர்கள் வட்டமாக உட்கார வேண்டும். கைப்பேசி அரை மணி நேரம் அலமாரியில் இருக்கட்டும். முதல் பிள்ளை 'அ' என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு நூலின் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்த பிள்ளைக்கு 'ஆ', அதற்கடுத்த பிள்ளைக்கு 'இ'. இப்படியே எழுத்து வரிசையில் ஆட்டம் நடக்கும். நூலின் பெயரை மட்டும் சொன்னால் அரைப் புள்ளி. அதில் என்ன இருக்கிறது என்று நான்கு வாக்கியத்தில் சொன்னால்தான் முழுப் புள்ளி. படிக்காத நூலின் பெயரைச் சொன்னால் புள்ளி கிடையாது.

இது புதிய விளையாட்டு என்று எண்ண வேண்டாம். எழுத்து வரிசையைக் கயிறாகக் கொண்டு கருத்துகளைக் கோப்பது நம் பாட்டன் காலத்து வழக்கம். ஔவையார் ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் அகர வரிசையிலேதான் பாடினார். பாரதியாரும் புதிய ஆத்திசூடியை அப்படியே அமைத்தார். ஏட்டுச்சுவடி எல்லார் கையிலும் இல்லாத காலத்திலே, அடுத்த எழுத்து அடுத்த வரியை நினைவூட்டியது. 1330 குறள்களைக் கொண்ட திருக்குறளைப் பாருங்கள். அதன் முதல் எழுத்து 'அ', கடைசி எழுத்து 'ன்'. நம் உயிரெழுத்துகளில் முதலாவது அ. மெய்யெழுத்துகளில் கடைசி ன்.

விளையாடத் தொடங்கியதும் பிள்ளைகள் ஒரு சிக்கலைக் காண்பார்கள். தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. உயிர் 12ம் வரும். மெய்கள் 18ல், க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ ஆகிய ஒன்பதின் வரிசைகளே பெரும்பாலும் முதலில் வரும். ஆகவே முதல் சுற்றில் 21 எழுத்துகள். ஆ என்றால் ஆத்திசூடி, ஈ என்றால் ஈசாப் கதைகள், ப என்றால் பஞ்சதந்திரக் கதைகள், வ என்றால் விக்கிரமாதித்தன் கதைகள், ஞ என்றால் பாரதியாரின் ஞானரதம். 'ஔ' வந்தால் எல்லாரும் திகைப்பார்கள். அதற்கு மட்டும் நூலாசிரியர் பெயரை ஏற்றுக்கொள்ளலாம். ஔவையார் இருக்கக் கவலை எதற்கு?

மிஞ்சி நிற்பவை ங, ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் ஒன்பது. இவற்றை என்ன செய்வது? வழியை ஔவையாரே காட்டியிருக்கிறார். ஆத்திசூடியில் ட, ண, ர, ல போன்ற எழுத்துகளின் முறை வந்தபோது, அவற்றின் முன் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து, உரிய எழுத்தை இரண்டாம் இடத்தில் வைத்துப் பாடினார். நாமும் இரண்டாம் சுற்றிலே நூற்பெயரின் இரண்டாம் எழுத்தைப் பார்ப்போம். 'ங' என்றால் ஐங்குறுநூறு. 'ட' என்றால் எட்டுத்தொகை. 'ண' என்றால் மணிமேகலை. 'ர' என்றால் மரியாதைராமன் கதைகள். 'ல' என்றால் உலகநீதி. 'ழ' என்றால் ஏழை படும் பாடு. 'ள' என்றால் கல்கியின் கள்வனின் காதல். 'ற' என்றால் உமறுப் புலவரின் சீறாப்புராணம். 'ன' என்றால் தெனாலிராமன் கதைகள். ஒன்பதும் நிறைந்துவிட்டன.

"எங்களுக்கு எழுத்தே தெரியாதே, நாங்கள் எப்படி விளையாடுவது?" என்று சில தாய்மார்கள் கேட்கலாம். அம்மா, நீங்கள்தான் நடுவர். கதையைக் கேட்டு, விளங்காத இடத்தில் கேள்வி கேட்பது உங்கள் வேலை. இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகள், ஏழை படும் பாடு என்ற நூலைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் கதை. சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தார். "ஒரு ரொட்டியைத் திருடியவன் 19 வருடம் சிறையில் கிடந்தான்" என்கிறாள் மகள். "ஒரு ரொட்டிக்கா அத்தனை வருடம்?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். திருட்டுக்கு ஐந்து வருடம், தப்பி ஓட முயன்றதற்கு மீதி என்று அவள் விளக்க வேண்டும். விளக்கத் தெரியாவிட்டால் நூலை மறுபடி புரட்டுவாள். எழுதப் படிக்கத் தெரியாத தாயின் ஒரு கேள்வி, பிள்ளையை இரண்டாம் முறை படிக்க வைக்கிறது!

சில நூல்களுக்குப் பெற்றோரே விளக்கவுரை. அகிலனின் பால்மரக் காட்டினிலே நம் நாட்டு ரப்பர்த் தோட்ட மக்களைப் பற்றிய நாவல். பால் வெட்டும் வேலையில் பட்டையின் ஆழம் பார்த்துக் கத்தி போடுவது எப்படி, மழை வந்தால் மங்கில் உள்ள பால் என்னவாகும் என்பதெல்லாம் நூலைப் படித்த மகனைவிட, வேலை செய்த அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அதுபோல ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், ஜப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட இரயில் பாதையைப் பற்றியது. அந்த வேலைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல ஆயிரம் பேர். திரும்பி வராதவர்களும் ஏராளம். 'ச' என்ற எழுத்தில் பிள்ளை இந்த நூலைச் சொன்னால், தாத்தாவோ பாட்டியோ தாம் கேட்டறிந்த ஒரு பெயரைச் சொல்லக்கூடும். தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயரும்போது தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் ஏறிவிடுகின்றன. இத்தகைய பேச்சுகள் பெரியவர்களின் மனத்தில் மட்டுமே இருக்கின்றன. கேட்க ஆள் இல்லையென்றால் அவர்களோடு அவையும் மறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுத்துகளை வரிசையாக எழுதி, சொன்ன நூலை அதனதன் எழுத்துக்கு நேரே குறித்து வையுங்கள். முதல் வாரம் பல எழுத்துகள் வெறுமையாக இருக்கும். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். "உனக்கு 'ய' வரிசையில் ஒன்றுமில்லையே, பள்ளி நூலகத்தில் தேடிப் பார் கண்ணு" என்று சொல்லி அனுப்புங்கள். என்ன படிப்பது என்று தெரியாமல் அலமாரி முன்னே நின்ற பிள்ளை, இப்போது ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டு போகும்.

இன்றிரவே 'அ'விலிருந்து தொடங்குங்கள்.