அவசரமில்லாத சிகிச்சையா?

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 17-ந் தேதி இங்கிலாந்திலுள்ள பொது ஆஸ்பத்திரிகளுக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் போயிற்று. அவசரமில்லாத ரண சிகிச்சைகளை ஏப்ரல் 15-ந் தேதிக்குள்ளாவது நிறுத்தி, மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஒத்திவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொரோனா நோயாளிகளுக்குப் படுக்கைகள் வேண்டியிருந்தது மெய். அக்கட்டளையை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் 'அவசரமில்லாத' என்ற சொல் குடல் நோயாளிகளைப் படுத்திய பாட்டை நேயர்கள் சற்று சிந்திக்கவேண்டும்.

குரோன் வியாதியும் பெருங்குடற் புண்ணும் பெரும்பாலும் வாலிபப் பிராயத்திலேயே பற்றுபவை. ஆயுள் பரியந்தம் தொடர்பவை. இரத்தத்தோடு பேதியாகும், இராத்தூக்கம் கெடும், தேகம் இளைக்கும். மருந்து பலிக்காதபோது கெட்ட குடலை அறுத்தெடுப்பதே வழி. அது இன்றே நடக்காவிடில் உயிர் போகாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆயினும் குடல் சும்மா காத்திருப்பதில்லை. நாளாக ஆகச் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம், துளைபட்டும் போகலாம்.

காத்திருக்கும் காலத்தில் நோயை அடக்கக் கொடுப்பது ஸ்டீராய்டு. தினம் 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரெட்னிசலோன் உட்கொண்டவர்களைக் கொரோனாவால் மிகுந்த ஆபத்துக்குள்ளாகக் கூடியவர்கள் என்று வைத்தியர்கள் வகுத்தார்கள்; அவர்கள் வாசற்படி தாண்டாமல் வீட்டிலேயே அடைபட்டார்கள். அதே மருந்து, பின்னால் கத்தி வைக்கும்போது ரணம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். இதென்ன விபரீதம்!

ஆஸ்பத்திரிக்குப் போவதும் பயமே. 24 நாடுகளில், ரண சிகிச்சையை ஒட்டிக் கொரோனா கண்ட 1,128 பேரை ஆராய்ந்து 2020 மே மாதம் 'லான்செட்' பத்திரிகை வெளியிட்ட கணக்கின்படி, முப்பது நாளைக்குள் மாண்டவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர்.

துணிந்து போனவர்களுக்கோ துணையில்லை. வயிற்றில் துவாரமிட்டுக் குடல் முனையை வெளியே தைத்து, மலம் சேரப் பை மாட்டுவார்கள். அந்தப் பையை முதன்முதல் கழற்றும் நாளில் மனைவியோ தாயோ பக்கத்தில் நின்றால் பாதித் துன்பம் குறையும். அந்நாட்களிலோ பந்துக்களை உள்ளே விடவில்லை. நர்ஸின் முகம்கூட மறைப்புக்குள் இருந்தது. வீடு திரும்பியபின் சந்தேகம் கேட்கப் பெரும்பாலும் தொலைபேசிதான். அப்பையைத் தற்காலிகம் என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்குத் துவாரத்தை மூடும் இரண்டாவது சிகிச்சையும் அவசரமில்லாததாகிப் பின்வரிசைக்குப் போயிற்று.

அந்த ஏப்ரலில் சிகிச்சைகளை இருபத்துநாலு மணி, எழுபத்திரண்டு மணி, நாலு வாரம், மூன்று மாதம், அதற்கு மேல் என்று தரம் பிரித்தார்கள். பிரித்தது நல்லதே. ஆனால் மூன்று மாத வரிசையில் நின்றவன் மூன்றாவது வாரத்தில் எப்படியிருக்கிறான் என்று யார் பார்ப்பது? கொள்ளைநோய் இனியும் வரும்; வரிசைகளும் வரும். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, 'நேற்றிரவு எத்தனை தடவை எழுந்தீர்?' என்று விசாரிக்க ஒரு நர்ஸை நியமித்தால் எத்தனை படுக்கைகள் குறைந்துவிடும்?